வயிற்றுச் சுற்றளவையும் சிறுநீர் அல்புமினையும் மீண்டும் சேருங்கள்: நீரிழிவுப் பரிசோதனைப் பட்டியலை முடிவு செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

நீரிழிவு நோயாளிகளுக்கான வருடாந்திரப் பரிசோதனைப் பட்டியலை வகுக்கும் குழுவினருக்கு,

புதிய பட்டியல் கைக்கு வந்தது. பழைய பட்டியலில் இருந்த மூன்று வரிகளைக் காணவில்லை: வயிற்றுச் சுற்றளவு, சிறுநீர் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் (சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதத்தை, கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளோடு ஒப்பிடும் அளவு), நான்-எச்டிஎல் கொலஸ்ட்ரால் (‘நல்ல’ கொழுப்பான எச்டிஎல் போக மீதி). அவற்றுக்குப் பதிலாக ‘இதயக் குறியீட்டுத் தொகுப்பு’ என்று ஒன்று வந்திருக்கிறது. எச்எஸ்-சிஆர்பி, ஹோமோசிஸ்டீன், வெறும் வயிற்று இன்சுலின், லிப்போபுரோட்டீன்-ஏ, டிரோபோனின், என்டி-புரோபிஎன்பி என ஆறு ரத்தப் பரிசோதனைகள் ஒரே கட்டாக, எல்லோருக்கும், ஆண்டுதோறும்.

மூன்றையும் நீக்கியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களையும் படித்தோம். டேப் பிடிக்க நேரமில்லை. சிறுநீர் கேட்டால் பலர் கொடுக்காமல் போய்விடுகிறார்கள். நான்-எச்டிஎல் என்ன என்று கேட்பவர்களுக்கு விளக்கிச் சொல்லி மாளவில்லை. இவை மூன்றும் வேலை நடக்கும் விதத்தில் உள்ள குறைகள். பரிசோதனையின் குறையாக இதில் ஒன்றுகூட இல்லை. நீரிழிவுப் பிரிவிலும் ஆய்வகத்திலும் இந்த எண்களோடு நாள்தோறும் மல்லுக்கட்டுகிறவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம்: இந்த மாற்றத்தை நாங்கள் ஏற்கவில்லை.

நீரிழிவு உள்ளவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. இது உங்களுக்கும் தெரியும். தொகுப்பின் விளம்பரத்தாளிலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த ஆபத்தைச் சர்க்கரை அளவை மட்டும் வைத்துப் பிடிக்க முடியாது என்பதும் பழைய பாடம்தான். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி-யை 6 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர முயன்ற அக்கார்ட் ஆய்வில், தீவிர சிகிச்சை பெற்ற பிரிவில் இறப்புகள் கூடியதால் 2008இல் அந்தப் பகுதியையே நிறுத்த வேண்டியிருந்தது. டென்மார்க்கின் ஸ்டெனோ-2 ஆய்வோ சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, வாழ்க்கைமுறை எல்லாவற்றையும் சேர்த்துக் கவனித்து, 2003இல் வெளியிட்ட முடிவில் இதய, ரத்தநாள நிகழ்வுகளைப் பாதியளவுக்குக் குறைத்துக் காட்டியது. அந்த ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள்? டைப்-2 நீரிழிவும், சிறுநீரில் சிறிதளவு அல்புமினும் இருந்த 160 பேரை. நீங்கள் நீக்கிய பரிசோதனை தேடும் அதே அல்புமின் கசிவை வைத்துத்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதலில் டேப். வயிற்றுச் சுற்றளவை எடுத்துவிட்டு, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ-யை மட்டும் வைத்திருக்கிறீர்கள். 158 செ.மீ. உயரம், 60 கிலோ எடை உள்ள ஒருவரின் பிஎம்ஐ 24. அறிக்கையில் பச்சை நிறம் விழும். அதே ஆளின் வயிறு 92 செ.மீ. இருந்தால், உயரத்தால் வகுக்கும்போது 0.58 வருகிறது. 0.5-க்கு மேல் போனாலே ஆபத்து கூடுகிறது என்றும், 0.6 எட்டினால் அதிக ஆபத்து என்றும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வழிகாட்டியது. கல்லீரலைச் சுற்றியும் குடலைச் சுற்றியும் சேரும் கொழுப்பு எடை இயந்திரத்துக்குத் தெரியாது. தசை கரைந்து வயிறு பெருக்கும் வயதானவரிடம் எடை கூடாமலே ஆபத்து மட்டும் கூடும். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2005இல் சொன்னதும் இதுதான்: மாரடைப்போடு பிஎம்ஐ காட்டிய தொடர்பைவிட வயிறு–பிட்ட விகிதம் காட்டிய தொடர்பு வலுவானது.

டேப் அளவு ஆளுக்கு ஆள் மாறுகிறது, நம்ப முடியவில்லை என்று உங்கள் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது. மாறுவது உண்மை. ஏன் மாறுகிறது என்பதும் தெரிந்ததுதான். பலர் தொப்புள் மேல் டேப்பை வைக்கிறார்கள். தொங்கும் வயிற்றில் தொப்புள் கீழே இறங்கியிருக்கும், அதனால் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு மட்டத்தில் அளவு எடுக்கப்படுகிறது. சிலர் பேன்ட் அளவைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். வயிறு பெருத்தவர்கள் பேன்டை வயிற்றுக்குக் கீழேதான் கட்டுவார்கள். 20 ஆண்டாக அளவு மாறவில்லை என்று பெருமையாகவும் சொல்வார்கள்.

சரியான முறையை உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது. விலா எலும்பின் கடைசி ஓரத்தை விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் அதேபோல். இரண்டுக்கும் நடுவே, பக்கவாட்டில், பேனாவால் ஒரு புள்ளி. ஆள் காலைச் சேர்த்து, கைகளைத் தளரவிட்டு நிற்க வேண்டும். சட்டை மேலே ஏற வேண்டும், டேப் தோலைத் தொட வேண்டும். தரைக்கு இணையாக இருக்கிறதா என்று முதுகுப் பக்கமும் பாருங்கள்; முன்னால் நேராகவும் பின்னால் சரிந்தும் கிடப்பதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. டேப் தோலை அழுத்திப் பள்ளமாக்கக் கூடாது, தொளதொளவென்றும் இருக்கக் கூடாது. பெரும்பாலானோர் டேப்பைக் கண்டதும் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். ஏதாவது பேச்சுக் கொடுத்து, இயல்பாக மூச்சை வெளியே விட்டு முடிக்கும் நேரத்தில் எண்ணைப் படியுங்கள். இரண்டு முறை எடுங்கள். வித்தியாசம் 1 செ.மீ.க்குள் இருந்தால் சராசரி, அதைத் தாண்டினால் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி. பழகிய கைக்கு இரண்டு நிமிட வேலை.

டேப்பும் வயதாகும். துணி டேப் நாளாக நாளாக நீளும். முனைத் தகடு கழன்று விழுந்தால் பூஜ்யம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. மாதம் ஒரு முறை இரும்பு அளவுகோலில் வைத்துச் சரிபார்த்தால் போதும். அறிக்கையில் எந்த மட்டத்தில் அளந்தோம் என்றும் எழுத வேண்டும். அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகங்களின் முறை இடுப்பெலும்பின் மேல் விளிம்பை ஒட்டி அளக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் முறை நடுப்புள்ளியில் அளக்கிறது. சென்ற ஆண்டு ஒன்று, இந்த ஆண்டு ஒன்று என்று போனால், குறைந்ததா கூடியதா என்று யாராலும் சொல்ல முடியாது. வெட்டுப்புள்ளியும் இனத்துக்கு இனம் வேறு: தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.; ஐரோப்பிய ஆண்களுக்கு 94. உங்கள் பழைய மென்பொருள் எல்லா ஆண்களுக்கும் 102 என்று வைத்திருந்தது. நீக்கியிருக்க வேண்டியது அந்த 102-ஐத்தான்.

கர்ப்பிணிகளிடமும், வயிற்றில் நீர் கோத்தவர்களிடமும், பெரிய குடலிறக்கம் உள்ளவர்களிடமும் இந்த அளவுக்குப் பொருளில்லை. பிஎம்ஐ 35-ஐத் தாண்டியவரிடம் அது புதிதாக எதையும் சொல்லப்போவதும் இல்லை. அவர்களுக்கு விட்டுவிடலாம். மற்றவர்களுக்கு வேண்டும். இன்னொன்றும் உண்டு: இன்சுலின் போடுகிறவர் சட்டையை உயர்த்தினால்தான், ஒரே இடத்தில் குத்திக் குத்தித் திரண்ட கொழுப்புக் கட்டி கண்ணில் படுகிறது. அந்தக் கட்டிக்குள் போன இன்சுலின் ஒரு நாள் வேலை செய்யும், மறு நாள் செய்யாது. காரணம் புரியாமல் மருந்தளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். எந்த ரத்தப் பரிசோதனையும் அதைக் காட்டாது.

டேப் கையில் இருக்கும்போதே மேற்கையின் சுற்றளவையும் எடுத்துவிடலாம். 35 செ.மீ.க்கு மேற்பட்ட கைக்குச் சாதாரண அளவு கஃபை, அதாவது அழுத்தக் கருவியின் கைப்பட்டையைக் கட்டினால் ரத்த அழுத்தம் பொய்யாகக் கூடிக் காட்டும். மிகப் பெரிய கைகளில் அந்தப் பொய் 20 புள்ளி வரை போகும். தேவையில்லாத மாத்திரை, தலைச்சுற்றல், விழுந்து எலும்பு முறிவு வரை அதன் விளைவு நீளும். எங்கள் மேசைகளில் பெரிய கஃப் இல்லை. ஆறு பரிசோதனைத் தொகுப்புக்கு இடம் இருந்தபோது இதற்கு இல்லாமல் போனது எப்படி என்று கேட்கத் தோன்றுகிறது.

அடுத்தது சிறுநீர். மூன்று நீக்கங்களில் மோசமானது இதுதான், அதனால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறோம்.

அல்புமின் கசிவதைச் சிறுநீரகத்தின் விவகாரம் என்று மட்டும் பார்த்திருக்கிறீர்கள். சிறுநீரக வடிகட்டியின் நுண்குழாய்ச் சுவர் பழுதாகும் காலத்திலேயே, பெரும்பாலும் உடம்பு முழுவதும் உள்ள ரத்தநாளங்களின் உட்சுவரும் பழுதாகிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சேதத்தை வெளியே காட்டிக்கொடுக்கும் ஓர் ஓட்டைதான் சிறுநீர். அல்புமின் கூடக் கூட மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் இறப்பும் கூடுவதை 2001இலேயே பெரிய ஆய்வு காட்டியது. ‘சாதாரணம்’ என்று நாம் சொல்லும் எல்லைக்குக் கீழேகூட இந்தத் தொடர்பு நீள்கிறது. ரத்தக் கிரியேட்டினினும், அதிலிருந்து கணக்கிடும் இஜிஎஃப்ஆர் என்ற சிறுநீரகத் திறன் அளவும் நன்றாக இருக்கும்போதே அல்புமின் கசியத் தொடங்கலாம். அந்த இடைவெளியில்தான் நம்மால் அதிகம் செய்ய முடியும்.

பட்டியலில் சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை இருக்கிறதே, அதில் புரதம் தெரியுமே என்ற பதில் வரும். சாதாரணப் புரதப் பட்டை, தொடக்க நிலைக் கசிவைத் தவறவிடும். பட்டை நிறம் மாறும் காலத்தில் பல ஆண்டுகள் போயிருக்கும். அல்புமினை மட்டும் தனியாக அளந்தாலும் போதாது. இரண்டு செம்பு தண்ணீர் குடித்து வந்தவரிடம் குறைவாகவும், வியர்த்துக் களைத்து வந்தவரிடம் அதிகமாகவும் காட்டும். கிரியேட்டினினால் வகுப்பதே இந்த நீர்க்கலப்பைக் கழிப்பதற்குத்தான். கிராமுக்கு 30 மி.கி.க்குக் கீழே இருந்தால் நல்லது; 30 முதல் 300 வரை மிதமான கசிவு; அதற்கு மேல் கடுமையானது.

ஒரு முறை 30-ஐத் தாண்டியதும் முத்திரை குத்திவிடக் கூடாது. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுக்கும் மூன்று மாதிரிகளில் இரண்டு கூடுதலாக இருக்க வேண்டும். முந்திய 24 மணி நேரத்துக்குள் கடும் உடற்பயிற்சி, காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், கட்டுக்கடங்காத சர்க்கரை, மிக அதிக ரத்த அழுத்தம் எதுவாக இருந்தாலும் எண்ணை உயர்த்திவிடும். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரின் நடுப்பகுதி சிறந்த மாதிரி. ‘சிறுநீர் கொடுப்பதில்லை’ என்று நீங்கள் எழுதிய பிரச்சினைக்கும் விடை இதிலேயே இருக்கிறது. ரத்தம் கொடுக்க வருகிறவர் வீட்டிலேயே சிறுநீர் கழித்துவிட்டு வருகிறார். வந்த இடத்தில் குப்பியை நீட்டினால் எப்படிக் கொடுப்பார்? நாள் குறித்துக் கொடுக்கும்போதே குப்பியையும் கொடுத்தனுப்புங்கள். பெயர் எழுதிய ஸ்டிக்கரை மூடியில் ஒட்டாமல் குப்பியின் உடம்பில் ஒட்டுங்கள், மூடி மாறிவிடும். உடனே சோதிக்க முடியாவிட்டால் 2 முதல் 8 டிகிரியில் குளிரூட்டி வைக்கலாம்.

இந்த எண் கையில் இல்லையென்றால் என்ன நிற்கிறது என்று பாருங்கள். எந்த ரத்த அழுத்த மருந்தை முதலில் தொடங்குவது என்ற முடிவு இதைப் பார்த்துத்தான் எடுக்கப்படுகிறது. எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் சேர்த்துப் பலன் தருவதைக் காட்டிய 2019 கிரெடன்ஸ் ஆய்வு, அல்புமின் கசிவு உள்ளவர்களிடம் நடந்தது. 2020இலும் 2021இலும் முடிவுகள் வந்த ஃபினரினோன் மருந்தை நீரிழிவுச் சிறுநீரக நோய்க்குத் தொடங்க, தகுதியே அல்புமின் கசிவுதான். பரிசோதனையை எடுத்துவிட்டால் தகுதியானவர் யார் என்றே தெரியாது. மருந்து மருந்துக் கடையில் இருக்கும், அது வேண்டியவர் உங்கள் பதிவேட்டில் இருக்க மாட்டார்.

கொழுப்புக்கு வருவோம். ஒரு அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் 168, எச்டிஎல் 34, டிரைகிளிசரைடு 340, எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில். ஆய்வகக் கணினி 1972இல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரத்தைப் போடுகிறது: 340-ஐ 5-ஆல் வகுத்தால் 68, 168-இலிருந்து 34-ஐயும் 68-ஐயும் கழித்தால், ‘கெட்ட’ கொழுப்பான எல்டிஎல் 66. அதிக ஆபத்து உள்ளவருக்கான இலக்கு 70-க்குக் கீழே. பாஸ். நோயாளி மகிழ்ச்சியோடு போகிறார், அடுத்த சந்திப்பு ஆறு மாதம் கழித்து.

இதே எண்களில் மொத்தத்திலிருந்து எச்டிஎல்-ஐ மட்டும் கழியுங்கள். 134. நான்-எச்டிஎல் என்பது அவ்வளவுதான், ஒரு கழித்தல். அதற்கான இலக்கு 100. 34 புள்ளி கூடுதல். எங்கே ஒளிந்திருந்தது? டிரைகிளிசரைடைச் சுமந்து திரியும் துகள்களுக்குள். அவையும் ரத்தநாளச் சுவருக்குள் புகுந்து படிகிறவைதான். நீரிழிவில் கொழுப்பு கெடும் விதமே இது: எல்டிஎல் பார்வைக்கு அடக்கமாக இருக்கும், டிரைகிளிசரைடு ஏறும், எச்டிஎல் இறங்கும், எல்டிஎல் துகள்கள் சிறுத்து எண்ணிக்கையில் பெருகும். அதோடு, டிரைகிளிசரைடு உயர உயர அந்தப் பழைய சூத்திரம் எல்டிஎல்-ஐக் குறைத்துக் காட்டும். 400-ஐத் தாண்டினால் அதைப் பயன்படுத்தவே கூடாது. எந்த நோயாளிகளிடம் சூத்திரம் அதிகம் பிசகுமோ, அவர்களிடமே அதை மட்டும் நம்பச் சொல்கிறீர்கள்.

நான்-எச்டிஎல்-க்குத் தனி ரத்தம் வேண்டாம், தனி ரசாயனம் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ எடுப்பவரைக் காலை பத்து மணி வரை பட்டினி போட்டு வரிசையில் நிற்கவைத்தால் சர்க்கரை சட்டென இறங்கும். கொழுப்புப் பரிசோதனைக்குப் பட்டினி கட்டாயமில்லை என்று ஐரோப்பிய ரத்தநாளத் தடிப்பு அமைப்பும் ஆய்வக மருத்துவக் கூட்டமைப்பும் 2016இலேயே கூட்டாக அறிவித்துவிட்டன. டிரைகிளிசரைடு மிக அதிகமாக வந்தால் மட்டும் பட்டினியோடு மறுபடி எடுக்கலாம். வசதி இருக்கும் இடத்தில், டிரைகிளிசரைடு ஏறியவர்களுக்கு அபோ-பி இன்னும் நேரடியான அளவு. தீங்கு செய்யும் துகள் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு அபோ-பி இருப்பதால் அது துகள்களின் எண்ணிக்கையையே சொல்லிவிடும்.

அறிக்கையின் வலது ஓரத்தில் அச்சாகும் ‘சாதாரண அளவு’ பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த எல்லை பொது மக்களுக்கானது. எல்டிஎல் 110 என்று வந்த நீரிழிவு நோயாளிக்கு எந்தக் குறியும் விழுவதில்லை. ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2019 வழிகாட்டுதலில் அதிக ஆபத்துள்ளவருக்கு 70, மிக அதிக ஆபத்துள்ளவருக்கு 55. நட்சத்திரக் குறி இல்லாத எண்ணை நோயாளி மட்டுமில்லை, அவசரத்தில் இருக்கும் மருத்துவரும் தாண்டிப் போய்விடுகிறார்.

இனி உங்கள் தொகுப்பு. எல்லாமே வீண் என்று சொல்ல வரவில்லை. அதில் ஒன்று தங்கம், ஒன்று வாழ்நாளில் ஒரே முறை வேண்டியது, மற்றவை பெரும்பாலும் குழப்பம்.

வெறும் வயிற்று இன்சுலினைப் பாருங்கள். ஊசி வழியே இன்சுலின் போட்டுக்கொள்பவரின் ரத்தத்தில் அதை அளந்து என்ன செய்வது? கணையம் சுரந்ததும் ஊசியில் போனதும் கலந்த ஒரு எண் வரும். ஊசி இன்சுலினின் வகையைப் பொறுத்துச் சில கருவிகள் அதைப் பாதிதான் அடையாளம் காணும். கணையம் எவ்வளவு சுரக்கிறது என்று தெரிய வேண்டுமானால், கணையம் இன்சுலினோடு சேர்த்து வெளியிடும் சி-பெப்டைடு இருக்கிறது.

ஹோமோசிஸ்டீன் கூடினால் மாரடைப்பு வரும் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. பி-வைட்டமின் கொடுத்து அதைக் குறைத்தாலும் மாரடைப்பு குறையவில்லை என்று 2006இல் வந்த பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. நீரிழிவு நோயாளிகளிடம் இன்னொரு வில்லங்கமும் உண்டு: மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் எடுப்பவருக்கு பி12 குறையும், பி12 குறைந்தால் ஹோமோசிஸ்டீன் ஏறும். அறிக்கை ‘இதய ஆபத்து’ என்று சிவப்பில் காட்டுவது, உண்மையில் கால் மரத்துப்போவதற்குக் காரணமாகும் பி12 குறைவாக இருக்கலாம். அளக்க வேண்டியது பி12.

எச்எஸ்-சிஆர்பி அழற்சியைக் காட்டுவது. எங்கிருந்து வரும் அழற்சி என்று அதற்குத் தெரியாது. லிட்டருக்கு 3 மி.கி.க்கு மேல் அதிக ஆபத்து என்று அச்சிடுகிறீர்கள். காலில் ஆறாத புண், ஈறு வீக்கம், போன வாரக் காய்ச்சல் எது இருந்தாலும் அந்த எல்லையைத் தாண்டிவிடும். 10-ஐத் தாண்டினால் இதயக் கணக்கை விட்டுவிட்டு தொற்றைத் தேட வேண்டும், இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். தொகுப்பில் அந்தக் குறிப்பும் இல்லை, மறுபரிசோதனையும் இல்லை. லிப்போபுரோட்டீன்-ஏ மரபுவழி வருவது, வாழ்நாளில் பெரிதாக மாறாது. ஒரு முறை பார்த்தால் போதும், ஆண்டுதோறும் எடுப்பது வீண் செலவு. டெசிலிட்டருக்கு 50 மி.கி. அல்லது லிட்டருக்கு 125 நானோமோல் என்ற எல்லையைத் தாண்டியவரின் பதிவேட்டில் அதை நிரந்தரமாக எழுதிவைத்து, மற்ற இலக்குகளை இறுக்க வேண்டும். அலகையும் சேர்த்து எழுதுங்கள். மில்லிகிராமை நானோமோலாக ஒரே எண்ணால் பெருக்கி மாற்ற முடியாது, துகளின் அளவு ஆளுக்கு ஆள் வேறு.

தங்கம் என்று சொன்னது என்டி-புரோபிஎன்பி-யை. இதயத் தசை இழுபடும்போது வெளிவரும் இந்தக் குறியீடு, மூச்சிரைப்பு தொடங்கும் முன்பே இதயச் செயலிழப்பின் முதல் படியைக் காட்டக்கூடியது. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2022 அறிக்கை, நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை இதைப் பார்க்கச் சொல்கிறது. மில்லிலிட்டருக்கு 125 பிகோகிராமைத் தாண்டினால் அடுத்தது எக்கோ என்ற இதய அல்ட்ராசவுண்டு. இதயநோய் இல்லாத 300 நீரிழிவு நோயாளிகளிடம் இந்த எல்லையைத் தாண்டியதைக் கண்டு, இதயத்தைக் காக்கும் மருந்துகளை முழு அளவுக்குக் கூட்டிய போன்டியாக் ஆய்வு, 2013இல் நல்ல பலன் காட்டியது. ஆக இதைச் சேர்த்ததற்கு நன்றி. ஆனால் சேர்த்த விதம் சரியில்லை. உடல் பருமன் இந்த எண்ணைக் குறைக்கும். சிறுநீரகக் குறைபாடும் முதுமையும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான இதயத் துடிப்பும் கூட்டும். பருமனான ஒருவருக்கு 100 என்று வந்து பச்சை நிறம் விழுந்தால் அது ஆறுதல் இல்லை. இஜிஎஃப்ஆரும் உடல் அளவும் பக்கத்தில் இல்லாமல் இதைப் படிக்கவே முடியாது. 125-ஐத் தாண்டியவர் அடுத்து எங்கே போக வேண்டும் என்று உங்கள் அறிக்கை சொல்வதும் இல்லை.

இதயத் தசை சேதமடைந்தால் ரத்தத்தில் கூடும் புரதமான டிரோபோனினும் அப்படித்தான். நீரிழிவில் லேசாக உயர்ந்து அப்படியே நிற்கும் டிரோபோனின் நீண்டகால ஆபத்தின் அடையாளம். இன்றைய மாரடைப்பு என்று அர்த்தமில்லை. விளக்கமில்லாத சிவப்பு எண் இரவு பத்து மணிக்குக் கைபேசியில் வந்து சேர்ந்தால் குடும்பமே அவசரப் பிரிவுக்கு ஓடும். எதிர்ப்பக்கத் தவறு இன்னும் ஆபத்தானது: முடி வளர பயோட்டின் மாத்திரை எடுப்பவர்களிடம் சில கருவிகள் டிரோபோனினைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இலேயே எச்சரித்த விஷயம். ரத்தம் எடுக்கும் இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். உங்கள் படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை.

நாங்கள் கேட்பவை இவை.

வயிற்றுச் சுற்றளவு, உயரத்தோடு அதன் விகிதம், சிறுநீர் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம், நான்-எச்டிஎல் ஆகியவற்றை அடுத்த மாதத் தொடக்கத்திலிருந்தே வருடாந்திரப் பட்டியலில் திரும்பச் சேருங்கள். நான்-எச்டிஎல்-ஐக் கணினியே கழித்துப் போடட்டும், இன்றே செய்யக்கூடியது. இஜிஎஃப்ஆரையும் 2021 சிகேடி-எபி சூத்திரப்படி கணக்கிட்டு அதே பக்கத்தில் அச்சிடுங்கள்.

ஒவ்வொரு பிரிவுக்கும் நீளாத டேப் இரண்டு, மேற்கைக்கு ஏற்ற மூன்று அளவு கஃப், சட்டையை உயர்த்தக் கூச்சப்படாதபடி ஒரு திரை. அளப்பவர்களுக்கு அரை நாள் பயிற்சி கொடுங்கள்; ஒரே ஆளை இருவர் தனித்தனியே அளந்து, வித்தியாசம் 1 செ.மீ.க்குள் வரும்வரை. பெண்களை அளக்கப் பெண் ஊழியர் இருக்க வேண்டும்.

நாள் குறிக்கும்போதே சிறுநீர்க் குப்பி. 30-க்கு மேல் வந்தவர்களுக்கு மறுமாதிரிக்கான நாளை ஆய்வகமே குறித்துக் கொடுக்கட்டும். நோயாளி நினைவில் வைத்துக்கொள்வார் என்று விட வேண்டாம்.

தொகுப்பைப் பிரியுங்கள். இன்சுலினையும் ஹோமோசிஸ்டீனையும் எடுத்துவிட்டு, மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12-ஐச் சேருங்கள். லிப்போபுரோட்டீன்-ஏ ஒரு முறை மட்டும். எச்எஸ்-சிஆர்பி-யையும் டிரோபோனினையும் மருத்துவர் எழுதிக் கேட்டால் மட்டும் செய்யுங்கள். என்டி-புரோபிஎன்பி தனியாக நிற்கட்டும். 125-ஐத் தாண்டினால் எக்கோவுக்கான பரிந்துரை அறிக்கையோடு சேர்ந்தே வர வேண்டும்.

அறிக்கையில் பொது எல்லைகளுக்குப் பக்கத்தில் நீரிழிவு நோயாளிக்கான இலக்கையும் அச்சிடுங்கள். ‘இதய வயது’, ‘ஆபத்து மதிப்பெண்’ என்று எதைப் போட்டாலும் அது எந்தச் சூத்திரம் என்று பெயரோடு போடுங்கள். ஸ்கோர்2-டயபெட்டிஸ் என்றால் அது 40 முதல் 69 வயது வரை, ஏற்கெனவே இதயநோய் வராதவர்களுக்கு மட்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்கு மருத்துவக் காரணம் என்ன என்பதை 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். நேரில் பேச அழைத்தால் அளவு டேப்போடும், பெயர் மறைத்த அறிக்கைகளோடும் வரத் தயாராக இருக்கிறோம்.

நீரிழிவுப் பிரிவு, ஆய்வக ஊழியர்கள்